கெர்னலுக்குள் நுழையும் வரிகள்

கணினியிலும் கைபேசியிலும் மற்ற எல்லா மென்பொருள்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், கேமராவை யார் தொடலாம் என்பதெல்லாம் அது எடுக்கும் முடிவு. வங்கிச் செயலி வைத்திருக்கும் தகவலை விளையாட்டுச் செயலி எட்டிப் பார்க்காமல் தடுப்பதும் அதுவே. சாதாரணச் செயலியில் பிழை இருந்தால், பெரும்பாலும் அந்தச் செயலியோடு சேதம் நின்றுவிடும். கெர்னலில் பிழை இருந்தால் அதைத் தடுக்க அதற்கு மேல் வேறு அதிகாரம் கிடையாது. அதனால்தான் கெர்னலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும், சேர்க்கப்படும் முன் பிறர் கண்ணால் படிக்கப்பட வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது.

இந்த வழக்கத்தை வெளிப்படையாகப் பார்க்க ஏற்ற இடம் லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த அந்தக் கெர்னல், இன்று 3 கோடி வரிகளைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள் ஓடுவது அதுதான். கம்பம் பள்ளத்தாக்கின் மார்க்கையன்கோட்டைக் கடைவீதியில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும், அந்தப் பணத்தைக் கணக்கில் ஏற்றும் சர்வர்கள் பலவற்றிலும் லினக்ஸ் இருக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்ட பாஸ் லினக்ஸும் இதே கெர்னலின் மேல் கட்டப்பட்டதே. பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவானது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசு அலுவலகங்களில் அதற்குப் பதிலாக பாஸை நிறுவும்படி தமிழக அரசு சொன்னது. ஆகவே, எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கெர்னலில் மாற்றும் நான்கு வரிகள், கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளி மாணவர் வரை வந்து சேரக்கூடியவை.

லினக்ஸில் ஒரு மாற்றத்தை முன்மொழிபவர், முழுக் கோப்பையும் அனுப்புவதில்லை. நீக்கும் வரிகளுக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிகளுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவார். அதைப் பேட்ச் என்பார்கள். எதை மாற்றினேன் என்பதைவிட ஏன் மாற்றினேன் என்ற விளக்கம் அதில் முக்கியம். 2004 முதல், அனுப்புபவர் தன் பெயரில் பொறுப்பேற்றுக் கையொப்ப வரி சேர்ப்பதும் கட்டாயமாகிவிட்டது. கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது நெட்வொர்க், கோப்பு முறைமை, நினைவக மேலாண்மை, ஒவ்வொரு டிரைவர் வகை என எல்லாவற்றுக்கும், தனித்தனிப் பராமரிப்பாளர்கள் உண்டு. பேட்ச் முதலில் அவர்களிடம் போகும். அவர்கள் கேள்வி கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். ஒரே பேட்ச் ஐந்தாறு முறை திருத்தி எழுதப்படுவது இயல்பு. ஏற்றுக்கொள்ளப்பட்டவை சோதனைக் கிளையில் மற்ற மாற்றங்களோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கப்பட்ட பிறகே டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளைக்குப் போகின்றன. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அத்தனையையும் ஒரே ஆள் படிக்க முடியாது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ள அடுக்கின் வாசிப்பை நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த நம்பிக்கையைச் சோதித்த ஒரு பெரிய நிகழ்வு 2003 நவம்பரில் நடந்தது. அப்போது லினக்ஸ் மூலநிரலின் முதன்மைப் பிரதி பிட்கீப்பர் என்ற மென்பொருளில் பராமரிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் என்ற பழைய முறையில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகல் இருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்தார்கள். ஒரு நிரல், தான் தொடங்கிவைத்த இன்னொரு நிரல் முடியும்வரை காத்திருக்கப் பயன்படும் பகுதியில்தான் அவை சேர்க்கப்பட்டன. சேர்க்கப்பட்ட வரிகளை மேலோட்டமாகப் படித்தால், ‘இன்ன இரண்டு விருப்பங்கள் ஒன்றாகக் கேட்கப்பட்டு, கேட்பவரின் பயனர் எண்ணும் 0 ஆக இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்பு’ என்று பொருள் தரும். பயனர் எண் 0 என்பது ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம் பெற்றவர். பார்வைக்குக் கண்டிப்பான ஒரு சரிபார்ப்பு போலத்தான் இருந்தது.

ஆனால் கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில் இரண்டு எண்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி (==) போட வேண்டும். ஒற்றைச் சமக்குறி (=) போட்டால், வலப்பக்க மதிப்பை இடப்பக்கத்தில் எழுது என்று அர்த்தம். அந்த வரியில் இருந்தது ஒற்றைச் சமக்குறி. பயனர் எண் 0 தானா என்று அது கேட்கவில்லை. பயனர் எண்ணை 0 ஆக்கியது. யாரும் வழக்கமாகச் சேர்த்துக் கேட்காத அந்த இரண்டு விருப்பங்களைக் கேட்கும் எந்தச் சாதாரணப் பயனரும் அந்தக் கணமே ரூட் ஆகிவிடுவார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 0 என்று எழுதும் செயலின் மதிப்பும் 0. சி மொழி அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே நிபந்தனை நிறைவேறாது, பிழைச் செய்தி வராது, தடயமும் மிஞ்சாது. ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறியைக் கண்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கும் வசதி உண்டு. அந்தப் பகுதியைக் கூடுதல் அடைப்புக்குறிக்குள் போட்டு அந்த எச்சரிக்கையையும் அடக்கியிருந்தார்கள். தற்செயலாக விழுந்த எழுத்துப்பிழை இப்படி அமையாது.

இதைப் பிடித்தது நிரலைப் படித்த கண் அல்ல. நகலையும் முதன்மைப் பிரதியையும் ஒப்பிடும் வழக்கமான சோதனையில், நகலில் உள்ள ஒரு மாற்றத்துக்கு முதன்மைப் பிரதியில் பதிவே இல்லை என்று தெரியவந்தது. பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வாய் அதை அறிவித்த பிறகே மற்றவர்கள் வரிகளைப் படித்துப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். முதன்மைப் பிரதிக்குள் அது நுழையவே இல்லை. ஒரு வரி என்ன செய்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். அது யார் வழியாக, எந்தப் பதிவோடு வந்தது என்று பார்ப்பது மறுபாதி. பிட்கீப்பருக்குப் பதிலாக 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தன் உள்ளடக்கத்திலிருந்தும் தனக்கு முந்தைய மாற்றத்திலிருந்தும் கணக்கிடப்பட்ட ஒரு நீண்ட அடையாள எண்ணைச் சுமக்கிறது. பழைய வரி ஒன்றை யாராவது இரகசியமாக மாற்றினால், அதன் பிறகு வந்த எல்லா மாற்றங்களின் அடையாள எண்களும் பொருந்தாமல் போய் மாட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றே நுழைக்கப்படும் ஓட்டைகள் அரிது. நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் பிழைகளே மிகுதி. ஆகவே பாதுகாப்பை மனதில் வைத்துப் படிப்பவர், எழுதியவரின் நோக்கத்தை ஒதுக்கிவிட்டு, இந்த வரி எதையெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்று கேட்கிறார். அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு செயலியால் முடியுமா என்பது அடுத்த கேள்வி.

முதலில் கண் போகும் இடம், வெளியிலிருந்து வரும் எண். 16 பைட் அளவுள்ள பதிவுகள் இத்தனை வேண்டும் என்று ஒரு செயலி கெர்னலைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கெர்னல் அந்த எண்ணை 16ஆல் பெருக்கி நினைவகம் ஒதுக்குகிறது. கணக்கு 32 பிட்டில் நடந்தால், 429,49,67,295ஐத் தாண்டியதும் எண் மறுபடி 0இலிருந்து தொடங்கும். செயலி 26,84,35,457 பதிவுகள் கேட்டால் பெருக்குத்தொகை சுற்றிவந்து வெறும் 16 ஆகிவிடும். ஒரு பதிவுக்கு மட்டும் இடம் ஒதுக்கிவிட்டு 26 கோடி பதிவுகளை எழுதத் தொடங்கும் கெர்னல், பக்கத்தில் இருக்கும் தன் சொந்தத் தரவுகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். அந்த இடத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது தாக்குபவரின் கையில் இருந்தால் கணினியும் அவர் கையில். இதனால்தான், பெருக்கல் எல்லை மீறினால் ஒதுக்கவே மறுக்கும் தனிச் செயற்கூறுகள் கெர்னலில் உள்ளன. பெருக்கலை வெறுங்கையால் எழுதிவரும் பேட்சைப் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்புவதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது இடம், நேரம். செயலியின் நினைவகத்தில் உள்ள ஒரு நீளத்தைக் கெர்னல் ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு பயன்படுத்தும்போது மறுபடி அங்கிருந்தே படித்தால், அந்த இடைவெளியில் இன்னொரு கோரில் ஓடும் அதே செயலியின் மற்றொரு இழை அந்த எண்ணை மாற்றிவிடலாம். சரிபார்த்த எண் ஒன்று, பயன்படுத்திய எண் வேறு. ஒரே முறை படித்துக் கெர்னலின் சொந்த நினைவகத்தில் நகல் எடுத்துக்கொள்வதே தீர்வு.

மூன்றாவது இடம்தான் வாசிப்பவரை அதிகம் களைப்படையச் செய்வது: பொருள்களின் ஆயுள். கெர்னலுக்குள் ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். எடுத்தவர் ஒன்று கூட்ட வேண்டும், விட்டவர் ஒன்று கழிக்க வேண்டும். 0 ஆனால் அந்த நினைவகம் விடுவிக்கப்படும். கழிக்க மறந்தால் நினைவகம் வீணாவது மட்டுமே விளைவு என்று நினைக்கத் தோன்றும். 2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயிண்ட் என்ற நிறுவனம் வெளியிட்ட ஓட்டை அந்த எண்ணம் தவறு என்று காட்டியது. சாவிக்கொத்து என்ற வசதியில் ஒரு பாதையில் மட்டும் கழித்தல் விடுபட்டிருந்தது. அதே அழைப்பை 400 கோடிக்கும் மேற்பட்ட முறை செய்தால், கூடிக்கொண்டே போன எண் சுற்றிவந்து 0 ஆகும். பயன்பாட்டில் இருக்கும்போதே பொருள் விடுவிக்கப்படும். அந்த வெற்றிடத்தில் தாக்குபவர் தன் தரவை வைக்கலாம். 2017இல், உச்சத்தைத் தொட்டால் சுற்றிவராமல் அங்கேயே நின்றுவிடும் புதிய எண்ணிக்கை வகை கெர்னலில் சேர்ந்தது. ஒரு பிழையைத் திருத்துவதோடு நிற்காமல், அந்த வகைப் பிழையே ஆபத்தாக முடியாதபடி செய்த இந்த முயற்சி பெரிதும் மதிக்கத்தக்கது. இதே ஆயுள் சிக்கலை வேறு வழியில் அணுகும் ஆர்சியு என்ற நுட்பத்தை 2002இல் லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில், பால் மெக்கென்னியோடு பெங்களூரு ஐபிஎம் ஆய்வகத்தின் தீபாங்கர் சர்மாவுக்கும் பங்குண்டு.

மேலே சொன்ன மூன்றும் ஒரு பேட்சுக்குள்ளேயே தெரியக்கூடியவை. பேட்சுக்கு வெளியே இருக்கும் பிழைதான் கொடியது. 2022 மார்ச் 7 அன்று மாக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளர் வெளியிட்ட டர்ட்டி பைப் என்ற ஓட்டை அதற்குத் தெளிவான சாட்சி. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அனுப்பும் பைப் என்ற வசதியில், 2016இல் வந்த ஒரு மாற்றம் ஒரு கொடி மதிப்பைத் துடைக்காமல் விட்டுவிட்டது. பழைய குப்பை மதிப்பு அங்கேயே கிடந்தது. அன்றைக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. 2020இல் 5.8 பதிப்பில் வந்த வேறொரு மாற்றம், அதே கொடிக்குப் புதிய பொருள் ஒன்றைக் கொடுத்தது: ‘இந்த நினைவகப் பக்கத்தின் மேலேயே தொடர்ந்து எழுதலாம்.’ இரண்டு பேட்சுகளையும் தனித்தனியே படித்தவர் எவருக்கும் குற்றம் சொல்லத் தோன்றியிருக்காது. இரண்டும் சேர்ந்தபோது, படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் மீது யார் வேண்டுமானாலும் எழுதும் வழி திறந்தது. கெல்லர்மன் இதைத் தேடிப் போகவில்லை. மாதக் கடைசியில் சில பதிவுக் கோப்புகள் கெட்டுப்போகின்றன என்ற வாடிக்கையாளர் புகார் 2021இல் வந்தது. அதன் காரணத்தை விடாமல் துரத்திக்கொண்டே போனவருக்குக் கடைசியில் கிடைத்தது கெர்னலின் ஓட்டை. கூட்டல் குறி போட்ட வரிகளை மட்டும் படிப்பது வாசிப்பே அல்ல; அந்த வரிகளை அழைக்கும் இடங்களையும், அவை தொடும் தரவை வேறு யார் தொடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பழுது நீக்கும் பேட்சையும் அதே சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பதற்கு டர்ட்டி கவ் என்ற ஓட்டை உதாரணம். ஒரு பக்கத்தைப் பலர் பகிர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழுத முயன்றால், அவருக்கு மட்டும் தனி நகல் எடுத்துத் தருவது கெர்னலின் வழக்கம். நகல் எடுக்கும் கணத்தில் இன்னொரு இழை அந்த நகலைத் தூக்கி எறியச் சொன்னால், எழுத்து மூலப் பக்கத்திலேயே போய் விழும் வாய்ப்பு இருந்தது. இதை டோர்வால்ட்ஸ் 2005 வாக்கிலேயே உணர்ந்து திருத்த முயன்றார். வேறொரு வகைக் கணினியில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2007 முதல் ஓட்டை நடைமுறையில் பயன்படுத்தத்தக்கதாக இருந்தது. 2016 அக்டோபரில், தன் சர்வருக்கு வந்த தாக்குதலைப் பதிவுசெய்து ஆராய்ந்த பில் ஓஸ்டர் அதை வெளிக்கொணர்ந்த பிறகே முறையாக அடைக்கப்பட்டது. அந்த அடைப்பும் முழுமையானதல்ல. பெரிய அளவுப் பக்கங்களைக் கையாளும் பாதையில் அதே போன்ற ஓட்டை எஞ்சியிருந்தது 2017 இறுதியில் தெரிந்தது.

மனித வாசிப்பின் எல்லையை மிகக் கசப்பான முறையில் காட்டியது மின்னசோட்டா பல்கலைக்கழக விவகாரம். அங்குள்ள ஆய்வாளர்கள் 2020இல் வேறு பெயர்களில், சிறு பிழைகளைத் திருத்துவது போலத் தோன்றி உள்ளே புதிய ஓட்டையை உண்டாக்கும் பேட்சுகளை அனுப்பி, பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தார்கள். 2021 ஏப்ரலில், நிலைப் பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளை ஏற்பதை நிறுத்தினார். பல்கலைக்கழகத்திலிருந்து முன்பு வந்த 435 மாற்றங்கள் மறுபடி முதலிலிருந்து படிக்கப்பட்டன. பெரும்பாலானவை சரியானவை என்றே தெரிந்தது. ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தங்கள் நேரத்தைத் தானமாகத் தந்து படிப்பவர்களை, அவர்களுக்குத் தெரியாமலே சோதனைப் பொருளாக்கியது தவறு. அதே வேளையில், அந்த ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த இடம் கவனிக்க வேண்டியது: பிழை நேர்ந்தால் பின்வாங்கும் பாதைகள். நினைவகம் கிடைக்காதபோது, வன்பொருள் பதிலளிக்காதபோது மட்டும் ஓடும் அந்த வரிகள் அன்றாடச் சோதனையில் ஓடுவதே இல்லை. அங்கே ஒரு பொருளை விடுவித்துவிட்டு, அதைச் சுட்டும் முகவரியை வேறோரிடத்தில் விட்டுவைத்தால் எளிதில் கண்ணுக்குப் படாது.

கண்ணுக்குத் துணையாகக் கருவிகள் பெருகியிருக்கின்றன. டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ், செயலியிலிருந்து வந்த முகவரியைக் கெர்னல் தன் முகவரி போல் பயன்படுத்தும் இடங்களைக் காட்டும். ஜூலியா லாவால் குழு உருவாக்கிய காக்சினெல், ஒரு பிழை வடிவத்தை எழுதிக் கொடுத்தால் கெர்னல் முழுவதும் அதே வடிவத்தைத் தேடும். கூகுளின் டிமித்ரி வியூகோவ் தொடங்கிய சிஸ்காலர், கெர்னலைத் தாறுமாறான அழைப்புகளால் இரவும் பகலும் இடித்துக்கொண்டே இருக்கும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்ட கணமே கூக்குரலிடும் காசன் வசதி 2015 முதல் கெர்னலிலேயே உண்டு. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, நினைவகத் தவறுகள் பலவற்றைக் கம்பைலரே மறுத்துவிடும் ரஸ்ட் மொழியிலும் கெர்னல் பகுதிகளை எழுதலாம். 2025இல் ஷான் ஹீலன் என்ற ஆய்வாளர், செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றிடம் கெர்னலின் கோப்புப் பகிர்வுப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த பிழையை அது கண்டுபிடிக்கிறதா என்று நூறு முறை ஓட்டியதில் எட்டு முறை கண்டுபிடித்தது. இல்லாத பிழையை இருப்பதாகச் சொன்ன முறைகள் அதைவிட அதிகம். ஆனால் அதே முயற்சியில், யாருக்கும் தெரியாத புதிய ஓட்டை ஒன்றும் அகப்பட்டது. எது உண்மை, எது பொய் என்று பிரித்தெடுக்க மறுபடியும் கெர்னல் தெரிந்த ஒரு மனிதர்தான் தேவைப்பட்டார்.

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தம் எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது என்றாலும் வேலை முடிவதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் தலைமதகில் திறந்த அன்றே கடைமடைக்கு வந்து சேராதது போல, திருத்தமும் அடுக்கடுக்காக இறங்கித்தான் வர வேண்டும். முதன்மைக் கிளையிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புகளுக்கு, அங்கிருந்து டெபியன் போன்ற தொகுப்புகளுக்கு, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸுக்கு, பாஸிலிருந்து அலுவலக மேசைக்கு. ஆண்ட்ராய்டில் வழி வேறு: கூகுள், சிப் தயாரிப்பாளர், கைபேசி நிறுவனம் என்று போகும். பழைய பதிப்புக்கு ஏற்றபடி திருத்தத்தை மாற்றி எழுதும்போது, அதுவும் புதிதாக ஒருமுறை படிக்கப்பட வேண்டிய பேட்சாகிறது. புதிய கெர்னலில் சரியாக இருக்கும் வரி, பழைய கெர்னலில் இல்லாத ஒரு பூட்டை நம்பிக்கொண்டிருக்கலாம்.

இந்த இடைவெளியே தாக்குபவர்களுக்கு வசதி. திருத்தம் வெளியானதும் அதன் கழித்தல், கூட்டல் வரிகள் உலகம் முழுவதற்கும் தெரியும். ஓட்டை எங்கே இருந்தது என்பதை அவையே காட்டிக்கொடுத்துவிடும். கெர்னல் குழு 2024 பிப்ரவரி முதல் சிவிஇ எனப்படும் பாதுகாப்புக் குறை எண்களைத் தானே வழங்குகிறது. கெர்னலில் ஏறக்குறைய எந்தப் பிழையும் ஏதோ ஒரு சூழலில் ஓட்டையாகலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு என்பதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் எடைபோட்டு எது தமக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்கும் ஆட்கள் பெரும்பாலான அரசு அலுவலகங்களில் இருக்க வாய்ப்பில்லை. நடைமுறையில் செய்யக்கூடியது, நிலைப் பதிப்பின் புதுப்பிப்புகளை முழுமையாக ஏற்றுக்கொள்வதுதான். இணைய இணைப்பில்லாமல் அலமாரியில் கிடந்து, பல ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்படும் விலையில்லா மடிக்கணினியில் டர்ட்டி கவ்வுக்கு முந்தைய கெர்னலே இருக்கக்கூடும். இணையத்தோடு இணைத்தால் முதல் வேலையாக அதற்குப் புதுப்பிப்பு தர வேண்டும். ஆதரவு முடிந்துபோன பதிப்பானால் புதிய பதிப்பையே நிறுவ வேண்டும்.

கைபேசியில் இதைச் சரிபார்க்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு அமைப்புகளில், கைபேசியைப் பற்றிய பகுதியில் கெர்னல் பதிப்பு எண்ணும் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியும் இருக்கும். அந்தத் தேதி வழக்கமாக மாதத்தின் 1 அல்லது 5ஆம் நாளாக இருக்கும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகளுக்கான திருத்தங்கள் மட்டும் வந்திருக்கின்றன. 5 என்றால் அந்த மாத அறிக்கையில் உள்ள கெர்னல், சிப் டிரைவர் திருத்தங்களும் சேர்ந்து வந்திருக்கின்றன.